பெயர் எழுத இடமில்லாத துண்டு

போன மாதம் உங்களுக்கு நடந்த பயிற்சி வகுப்பில் என்னையும் ஒரு மணி நேரம் பேசச் சொன்னார்கள். ஓய்வு பெற்றவனைக் கூப்பிட்டு, சால்வை போட்டு, சமோசா கொடுத்து அனுப்புவது நம் அலுவலக வழக்கம். நானும் சந்தோஷமாகத்தான் வந்தேன். பேசி முடித்த பிறகு மூன்றாவது வரிசையில் இருந்த பெண் எழுந்து, "சார், பை சார்ட்டுல ஒரு துண்டை மட்டும் வெளிய இழுத்துக் காட்டுறோமே, அதை எப்பச் செய்யலாம், எப்பச் செய்யக் கூடாது?" என்று கேட்டாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எது முக்கியமோ அதை இழுத்துக் காட்டலாம்மா" என்றேன். எல்லாரும் குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டீர்கள்.

அந்த வரியை அடித்துவிடுங்கள். அந்தக் கேள்விக்கு என்னிடம் இருந்த பதில் வேறு. அதைச் சபையில் சொல்ல வாய் வரவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் வரவில்லை என்றால் நானெல்லாம் என்ன மனுஷனோ. எழுதியாவது பார்க்கிறேன்.

நான் எழுபதுகளில் வேலைக்குச் சேர்ந்தேன். மதுரையில், கிராமங்களின் குடிநீரைப் பார்த்துக்கொள்ளும் ஓர் அலுவலகத்தின் புள்ளிவிவரப் பிரிவு. அப்போது எல்லாம் கைவேலை. காம்பஸ், கோணமானி, கறுப்பு மை, கலர் பென்சில். எங்கள் பிரிவில் ஒரு டிராஃப்ட்ஸ்மேன் இருந்தார். வண்டியூர்த் தெப்பக்குளத்துப் பக்கம் வீடு. அவர் பெயரைச் சொல்வது அவருக்குப் பிடிக்காது, அதனால் விட்டுவிடுகிறேன். எல்லாருக்கும் அவர் அண்ணன். நான் முதன்முதலில் போட்ட வட்டப் படத்தைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக் கீழே டீக்கடைக்குக் கூட்டிப் போனார். டீக்காரரிடம் படத்தை நீட்டி, "இது என்னன்னு சொல்லுங்க பாப்போம்" என்றார்.

டீக்காரர் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "பச்சை நிறையா இருக்கு. நல்ல வெளச்சல் போலண்ணே" என்றார்.

பச்சை என்பது தூர்ந்துபோன கிணறுகள். என்னிடம் அன்று பச்சைப் பென்சில்தான் கூராக இருந்தது. அண்ணன் சிரிக்கவில்லை. "அவரு என்ன சொல்றாரோ அதுதான்யா நீ போட்ட படம். நீ மனசுல என்ன நெனச்சன்னு ஒட்டியா அனுப்ப முடியும்?" என்றார். அதிலிருந்து பத்துப் பன்னிரண்டு வருஷம், எந்தப் படமும் டீக்கடைக்குப் போகாமல் மேலே போனதில்லை. டீக்காரருக்கே பை சார்ட் அத்துப்படி ஆகிவிட்டது. "என்னண்ணே, இந்தத் தடவை தண்ணி கீழ போயிருச்சா?" என்று அவரே கேட்பார்.

எண்பதுகளின் கடைசியில் எங்கள் அலுவலகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதற்கென்று ஓர் அறை, ஏசி, வாசலில் "செருப்பைக் கழற்றவும்" என்று பலகை. ஆயுத பூஜைக்குச் சந்தனம் வைத்த பொட்டு அடுத்த வருஷம் வரைக்கும் அதன் திரையின் மேல் காய்ந்து கிடக்கும். பி.எஸ்சி. படித்தவன், இங்கிலீஷ் வாசிப்பவன் என்று என்னைச் சென்னைக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்து, அந்த அறையின் சாவியையும் என்னிடம் கொடுத்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, எனக்குத் தலைகால் புரியவில்லை. விளாங்குடியிலிருந்து பஸ்ஸில் வருகிறபோதே அந்தச் சாவியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து எடுத்துப் பார்த்துக்கொள்வேன். டீக்காரரை அந்த அறைக்குள் விட முடியாது, தூசி ஆகாது. படத்தைக் கீழே எடுத்துப் போகும் பழக்கமும் அதோடு நின்றது.

அதில் படம் போடும் ஒரு மென்பொருள் இருந்தது. இப்போது நீங்கள் மவுஸை வைத்து ஒரே இழுப்பில் செய்வதை அப்போது எண் அடித்துச் செய்ய வேண்டும். எத்தனையாவது துண்டு என்று கேட்கும். எவ்வளவு தூரம் இழுக்க வேண்டும் என்று கேட்கும். இரண்டு எண்ணையும் அடித்தால், பக்கத்தில் இருக்கும் பிளாட்டர் பேனாவைக் கவ்விக்கொண்டு, கண்ணாடித் தாளில் கிறீச் கிறீச் என்று வட்டத்தைப் போட்டு, அந்த ஒரு துண்டை மட்டும் தள்ளி வரைந்து தரும். முதல் தடவை அது வரைந்தபோது அலுவலகமே செருப்பைக் கழற்றிவிட்டு வந்து வேடிக்கை பார்த்தது.

அந்த வருஷம் நல்ல கோடை. மாசி முடிவதற்குள்ளேயே கண்மாய்கள் வெடித்துக் கிடந்தன. கிராமங்களில் அடிபம்புகள் ஏன் வேலை செய்யவில்லை என்று சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி ஆய்வுக்கு வருகிறார் என்று தகவல் வந்தது. பம்பு மெக்கானிக்குகள் ஒவ்வொரு பம்புக்கும் ஒரு படிவம் நிரப்பிக் கொடுப்பார்கள். காரணம் என்ற இடத்தில் ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். நீர்மட்டம் இறங்கியது, பைப் துருப்பிடித்தது, வாஷர் தேய்ந்தது, உதிரிபாகம் வரவில்லை, பொதுமக்கள் தவறாகக் கையாண்டது. இதையெல்லாம் கூட்டி ஒரே படமாகப் போட்டுக் கூட்டத்தில் காட்டுவது என் வேலை.

கூட்டிப் பார்த்தால், வட்டத்தில் ஏறக்குறையப் பாதி "உதிரிபாகம் வரவில்லை". அதாவது எங்கள் அலுவலகம். நாங்கள் வாங்கி அனுப்ப வேண்டிய சாமான் போய்ச் சேரவில்லை. "பொதுமக்கள் தவறாகக் கையாண்டது" ஒரு மெல்லிய கீற்று, வட்டத்தில் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

அந்தக் கீற்றுதான் என்னைப் படுத்தியது. மிஷினுக்குத் தமிழ் தெரியாது. அதன் பெயரை இங்கிலீஷில் அடித்தால் இருப்பதிலேயே நீளமான பெயர். பக்கத்துத் துண்டின் பெயர்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. இரண்டுமே படிக்க முடியவில்லை. எழுத்தைச் சின்னதாக்கினேன், வட்டத்தைப் பெரிதாக்கினேன், ம்ஹூம். கடைசியில் அந்தத் துண்டை வெளியே இழுத்துப் பார்த்தேன். அட! பெயர் தனியாக, அழகாக விழுந்தது. அதற்குள் பிளாட்டரில் மற்றப் பேனாக்கள் எல்லாம் ஏசியில் காய்ந்து வெளிறி எழுதின. சிவப்பு ஒன்றுதான் புதிது. அது அந்தத் துண்டுக்கு வாய்த்தது.

அண்ணன் எட்டிப் பார்த்தார். அப்போது அவருக்கு ஓய்வு பெற இரண்டு மாதம் பாக்கி. "இது என்னய்யா, இது மட்டும் கோவிச்சுக்கிட்டு வெளியேறிப் போகுது?"

"பேரு எழுத இடம் பத்தலண்ணே."

"அப்ப ஒரு கோட்டை இழுத்து ஓரத்துல எழுது."

"மிஷின்ல அது வராதுண்ணே."

"கையில வரும்ல? பேனாவக் குடு, நான் எழுதுறேன். ரெண்டு நிமிசம்."

"மிஷின் போட்ட படத்துல கையால எழுதுனா அசிங்கமா இருக்கும்ணே" என்றேன்.

பதினைந்து வருஷமாக அவர் கையெழுத்தைப் பார்த்துத்தான் நான் எழுதவே கற்றுக்கொண்டேன். "சரிய்யா" என்று சொல்லிவிட்டு வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

கூட்டம் காலையில் நடந்தது. புரொஜெக்டர் பக்கத்தில் நான் நின்று தாள்களை மாற்றிக்கொண்டிருந்தேன். இந்தப் படம் சுவரில் விழுந்ததும் பெரிய அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். குச்சியால் நேராக அந்தச் சிவப்புக் கீற்றைத் தொட்டார். "இது என்ன?"

எங்கள் எஞ்சினியர், அதாவது அலுவலகத் தலைவர், என்னைத் திரும்பிப் பார்த்தார்.

இந்த இடத்தில்தான் நிறுத்திச் சொல்ல வேண்டும். எனக்கு அப்போது மூன்று நான்கு விநாடி இருந்தது. "சார், அது ரொம்பச் சின்னது. பெயர் எழுதுவதற்காகத் தள்ளி வைத்தேன். நீங்கள் பார்க்க வேண்டியது அந்தப் பக்கம் இருக்கும் பெரிய துண்டு" என்று சொல்லியிருக்கலாம். வாய்க்குள் வாக்கியம் தயாராகவே இருந்தது. நான் சொன்னது, "பொதுமக்கள் தவறா யூஸ் பண்ணதுங்க சார்."

"இதத்தான் நான் எல்லா ஜில்லாவிலயும் கேக்குறேன். ஒருத்தனும் வெட்டவெளிச்சமா எடுத்துக் காட்டல. யாரு இந்தப் படம் போட்டது?"

"நான்தான் சார்" என்றேன். அந்த 'நான்தான்' எவ்வளவு வேகமாக வந்தது என்று நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அவர் கை குலுக்கினார். வெளிறிப்போன நீலத்தில், எங்கள் தப்பாக இருந்த பாதி வட்டம், சுவரில் சும்மா கிடந்தது. அதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கூட்டம் முடிந்ததும் எங்கள் எஞ்சினியர் என் முதுகில் தட்டினார்.

அடுத்த வாரம் உத்தரவு வந்தது. எந்தெந்த ஊரில் மக்கள் தவறாகக் கையாண்டதாகப் படிவத்தில் இருக்கிறதோ, அங்கெல்லாம் பம்பின் கைப்பிடியைக் கழற்றி எடுத்துவர வேண்டும். ஒழுங்காகப் பயன்படுத்துவோம் என்று ஊரார் எழுதி, பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்தோடு கொடுத்தால் திரும்ப மாட்டலாம். எந்தெந்த ஊர் என்ற பட்டியலை எடுத்துக் கொடுத்ததும் நான்தான். ஒரு பட்டனைத் தட்டினால் வந்தது.

ஜீப்பில் கைப்பிடிகள் வந்து இறங்கின. கீழே ஸ்டோர் ரூமில், ஒவ்வொன்றிலும் ஊர்ப் பெயர் எழுதிய அட்டையைக் கட்டி, மூலையில் சாத்தி வைத்தார்கள். தினமும் காலையில் அதைத் தாண்டித்தான் நான் மாடி ஏறுவேன்.

ஒரு திங்கட்கிழமை, மனு கொடுக்கும் நாள். ஏசி அறையின் வாசலில் ஒரு அம்மா நின்றுகொண்டிருந்தார். கையில் மடித்த மனு. செருப்பைக் கேட்டிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு மாடி ஏறி வந்திருக்கிறார். பெயர் இருளாயி. திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு ஊரின் காலனி. "இங்கிட்டுத்தான் லிஸ்ட்டு எடுத்த சாரு இருக்காகன்னு கீழ சொன்னாக" என்றார்.

"பஞ்சாயத்துத் தலைவர்ட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்கம்மா, மாட்டிருவாங்க" என்றேன், எல்லாருக்கும் சொல்வதுபோல.

"அவுக போட மாட்டேங்குறாக சார். நாலு தடவை நடந்துட்டேன். எங்க தெருப் பம்புக்கு நான் எதுக்குய்யா ஜாமீன்ங்குறாக."

"பம்பை என்ன செஞ்சீங்க? தப்பா யூஸ் பண்ணதா எழுதியிருக்கே?"

அந்த அம்மாவுக்குக் கோபம் வந்தது. "என்ன தப்பு சார் செஞ்சோம்? கைப்பிடி ஆணி தேஞ்சு விழுந்துருச்சு. எழுதிப் போட்டோம். நாலு மாசமா ஒரு ஆளு எட்டிப் பாக்கல. குடிக்காம இருக்க முடியுமா? எங்க ஊட்டுக்காரரு கட்டுக்கம்பியப் போட்டு இறுக்கிக் கட்டுனாரு. அதுலதான் அம்புட்டுப் பேரும் அடிச்சுக் குடிச்சோம். பெறகு மெக்கானிக்கு வந்தாரு. கம்பியப் பாத்தாரு. யாருய்யா கவர்மெண்டு பம்புல கை வச்சதுன்னு கேட்டு எழுதிட்டுப் போயிட்டாரு."

அந்த ஆணி நாங்கள் அனுப்ப வேண்டிய ஆணி. அந்தப் பம்பு அந்தக் கீற்றில் இருக்க வேண்டியதே இல்லை. பாதி வட்டத்தில், எங்கள் கணக்கில் இருக்க வேண்டியது.

"நீங்க என்னமோ படம் போட்டீகளாமே சார், அதப் பாத்துத்தான் பெரிய ஆபீசரு இப்பிடிச் செஞ்சாருன்னு கீழ பேசிக்கிட்டாக. அதுல நாங்க எங்க இருக்கோம்?"

ஏன் காட்டினேன் என்று தெரியவில்லை. கண்ணாடித் தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினேன். கடையில் துணியைப் பார்ப்பது மாதிரி தலையைப் பின்னால் சாய்த்துப் பார்த்தார். சிவப்பைக் காட்டினேன்.

"இம்புட்டுத்தானா?" சுண்டு விரலை அதன்மேல் வைத்தார். விரல் அதை மறைத்துவிட்டது. "இம்புட்டூண்டுக்கா கைப்பிடியக் கழட்டுனாக? இத எதுக்கு சார் தனியாத் தள்ளிப் போட்டிருக்கீக?"

"பேரு எழுத இடம் பத்தலம்மா. அதுக்காகத்தான். வேற ஒண்ணுமில்ல."

என்னை நம்பாதவர்போலப் பார்த்தார். "எடம் பத்தலன்னா பேர எழுதாம விட்டிருக்கலாமுல்ல சார்?"

ஐயா, அம்மா, உங்களில் எத்தனை பேர் எத்தனை பட்டம் வாங்கியிருக்கிறீர்களோ எனக்குத் தெரியாது. அந்தக் கேள்வியைச் சென்னைப் பயிற்சியில் யாரும் கேட்கவில்லை. நான் தாளைச் சுருட்டிக்கொண்டேன்.

பிறகுதான் அவர் வந்த காரியத்தைச் சொன்னார். மகள் தமிழ்ச்செல்வி பத்தாவது. இன்னும் இரண்டு வாரத்தில் அரசுப் பரீட்சை. அந்தத் தெருவில் அதுவரை ஒரு பெண் பிள்ளையும் பத்தாவது எழுதியதில்லை. தண்ணீருக்கு இப்போது ஒரு தோட்டத்துப் பம்புசெட்டுக்குப் போகிறார்கள். அதில் மோட்டார் ஓட, காலை ஒன்பது மணிக்கு மேல்தான் கரண்டு வரும். வரிசை நின்று பிடித்துவர மதியமாகிவிடும். வீட்டுக்காரர் செங்கல் சூளைக்குப் போய்விட்டார். இவர் விடியக்காலை பருத்தி எடுக்கப் போனால் சாயங்காலம்தான் திரும்புவார்.

"நான் கூலிக்குப் போகலேன்னா உல வைக்க முடியாது சார். அவ தண்ணிக்குப் போனா பரிச்சைக்குப் போக முடியாது. பரிச்சையும் காலையிலதான். பதினஞ்சு நாளைக்கு மட்டும் கைப்பிடிய மாட்டி விடுங்க. முடிஞ்சதும் வேணும்னா நீங்களே வந்து கழட்டிக்கிட்டுப் போங்க."

"இந்த வாரத்துல ஆயிரும்மா" என்றேன்.

"சத்தியமா ஆயிருமா சார்?"

"ஆயிரும், போங்க."

அந்த அம்மா கும்பிட்டுவிட்டுப் போனார். உள்ளே வந்து ஒரு குறிப்பு எழுதினேன். 'படத்தில் அந்தத் துண்டு வெளியே எடுக்கப்பட்டது எழுத்துக்கு இடம் வேண்டியே. அதன் முக்கியத்துவம் கருதி அல்ல. இது என் பிழை. அதன் அடிப்படையில் எடுத்த நடவடிக்கையை நிறுத்திவைக்க வேண்டுகிறேன்.' நன்றாகத்தான் வந்திருந்தது. இரண்டு தடவை படித்தேன். 'இது என் பிழை' என்ற இடத்தில் கண் நின்றது. உதவி இயக்குநர் பதவி உயர்வுப் பட்டியல் அந்த மாதம் வரவிருந்தது. கிழித்துப் போட்டுவிட்டு, 'மேற்படி இனத்தில் கள நிலவரத்தை மறு ஆய்வு செய்வது பொருத்தமாக இருக்கலாம் எனப் பணிவுடன் தெரிவிக்கப்படுகிறது' என்று எழுதி அனுப்பினேன். யார் செய்வது, எப்போது செய்வது, ஏன் செய்வது, ஒன்றும் அதில் இல்லை. இப்படி எழுதக் கற்றுக்கொள்ள எனக்குப் பதினைந்து வருஷம் ஆனது. நீங்கள் கற்றுக்கொள்ளாதீர்கள்.

கோப்பு 'பேசுக' என்று எஞ்சினியரின் பச்சை மையோடு திரும்பி வந்தது. போய் நின்றேன்.

"என்னய்யா ஆய்வு? அந்தப் படத்தாலதான்யா அன்னைக்கு நம்ம தலை தப்பிச்சுச்சு. அதுல பெரிய துண்டு யாரோடதுன்னு உனக்குத் தெரியாதா? நீ இதைக் கிளறுனா அடுத்த கேள்வி அதப் பத்தித்தான் வரும். பேசாம போ."

பேசாமல் வந்தேன். அண்ணனிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "நான் வாரேன்யா. ரெண்டு பேருமாப் போயி எஞ்சினியர்ட்ட நேராச் சொல்லுவோம். படத்துல தப்புன்னு நான் சொல்றேன், உன் கையால போட்டதுன்னு நீ சொல்லு. என்ன செஞ்சிருவாரு? எனக்கு இன்னும் ஒரு மாசம்தான், உனக்குத்தான் சர்வீசு இருக்கு. அதனால நீதான் முடிவு பண்ணணும்" என்றார்.

"நாளைக்குப் போவம்ணே" என்றேன்.

மறுநாள் எஞ்சினியர் கேம்ப் என்று வெளியூர் போய்விட்டார். அதற்கடுத்த நாள் அவருக்கு மூட் சரியில்லை என்று பியூன் சொன்னார். அப்புறம் ஒரு விடுமுறை. அண்ணன் ஒவ்வொரு நாளும் காலையில் என் அறை வாசலில் வந்து நின்று, "போவமா?" என்பார். நான் "நாளைக்குண்ணே" என்பேன். ஒரு நாள் அவர் வருவதை நிறுத்திவிட்டார். அவர் கேட்பதை நிறுத்தியது எனக்கு நிம்மதியாக இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

பேப்பரில் பத்தாம் வகுப்புப் பரீட்சை தொடங்கியது என்று படம் போட்டிருந்தார்கள். நான் அந்தப் பக்கத்தைத் திருப்பினேன். ஸ்டோர் ரூமைத் தாண்டும்போது அட்டைகளைப் பார்க்காமல் நடக்கப் பழகினேன். பரீட்சை முடிந்த செய்தியும் வந்தது.

அதற்குப் பிறகு, எந்தக் கூட்டமும் இல்லாத ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை, எஞ்சினியர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது உள்ளே போனேன். பதவி உயர்வுப் பட்டியல் முந்தின நாள் வந்திருந்தது. என் பெயர் இருந்தது. அதனால்தான் தைரியம் வந்ததா என்று என்னை நானே கேட்காத நாளில்லை. "சார், அந்தத் துண்டை நான் பேரு எழுத இடமில்லாமத்தான் இழுத்தேன். திருமங்கலம் பக்கத்துக் காலனிப் பம்புல மக்கள் ஒரு தப்பும் செய்யல. நம்ம ஆணி போகல, அவங்க கம்பி கட்டியிருக்காங்க. தப்பு என்னோடது" என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். கெட்ட வார்த்தை ஒன்று சொன்னார். "ஒரு பம்புதானே? அதுக்கா இம்புட்டு நாளா முழிச்சுக்கிட்டு இருந்த? எடு பேப்பரை" என்று கையெழுத்துப் போட்டார். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. ஐந்து நிமிஷம். அந்த ஐந்து நிமிஷம் பரீட்சைக்கு முன்னால் அத்தனை நாளும் அதே மேஜையில்தான் இருந்தது.

அன்று மதியமே ஜீப்பில் கைப்பிடி ஏறியது. ஆணியும் புதிது. மெக்கானிக்கோடு நானும் போனேன். திருமங்கலம் தாண்டி, கருவேலங்காட்டுக்குள் மண்பாதையில் ஒரு அரை மணி. மெக்கானிக் கைப்பிடியை மாட்டி, நாலு தடவை அடித்ததும் செம்மண் கலரில் கக்கி, பிறகு தெளிந்து வந்தது. ஒரு நிமிஷத்தில் தெருவே குடத்தோடு வந்துவிட்டது.

இருளாயி அன்று கூலிக்குப் போகவில்லை போல. என்னைப் பார்த்ததும், "வாங்க சார்" என்றார். அவ்வளவுதான். நானே கேட்டேன், "மக பரிட்சை எழுதுச்சாம்மா?"

"ரெண்டு பரிச்சை போனா சார். மூணாவது நாளு பம்புசெட்டுல ஒரே சண்ட, தண்ணி பிடிக்க நேரமாயிருச்சு. ஒண்ணு போனா அம்புட்டும் போனதுதானேன்னு பெறகு அவளே போகல. அழுதா. நான்தான் என்ன செய்ய?" குரலில் கோபம் இல்லை. நான் கொடுத்த வாக்கைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை.

"செப்டம்பர்ல திரும்ப எழுதலாம்மா. ஃபீஸ் நான் கட்டுறேன். ஃபாரம் நானே வாங்கிட்டு வாரேன்."

"பாப்போம் சார். திங்கக்கெழமையிலருந்து பஞ்சுமில்லுல சேரச் சொல்லியிருக்காக."

ஃபாரம் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். செப்டம்பரில் அவள் எழுதவில்லை. விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

ஆனால் அன்றைக்கு, ஜீப் கிளம்பும் முன்னால், தமிழ்ச்செல்வி கிட்டே வந்தாள். பச்சைத் தாவணி, ரெட்டைச் சடை. கையில் கழுவிய சொம்பு. "தண்ணி குடிப்பீகளா சார்?" என்று கேட்டாள். கொடுக்கட்டுமா என்று கேட்கவில்லை. குடிப்பீர்களா என்றுதான் கேட்டாள். நான் கையை நீட்டினேன். அவள் பம்பை அடித்தாள். சொம்பு நிறைந்தது. குடித்தேன். இரும்பு வாடை அடித்தது, ஆனால் குளிர்ச்சி.

நான் குடித்து முடிக்கும் வரை நின்றிருந்தாள். "அம்மா சொல்லுச்சு சார், உங்க ஆபீசுல மிஷினே படம் போடுமாமே? வட்டமா, கலர் கலரா?"

"ஆமாம்மா."

"அந்த வேலைக்குப் பத்தாவது பாஸ் பண்ணியிருக்கணுமா சார்?"

சொம்பை அவளிடம் திருப்பிக் கொடுத்தேன்.

"ஆமாம்மா" என்றேன்.

"அதான் கேட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு, வரிசையில் நின்ற அடுத்த குடத்துக்கு அடிக்க ஆரம்பித்தாள்.